பக்கத்து நாற்காலி

முத்துலட்சுமியின் விடைத்தாளைக் கட்டின் அடியில் தள்ளிவிட்டு மற்றதையெல்லாம் திருத்தி முடித்தாள் அஸ்மத்துன்னிசா. தள்ளிவிட்டால் மட்டும் அது காணாமல் போய்விடுமா? கடைசியில் அது ஒன்றுதான் மேஜைமேல் கிடந்தது. அரையாண்டுத் தேர்வு, ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு, சமூகப் பாடம். மேலே பெயர், வகுப்பு, தேதி எல்லாம் அழகான எழுத்தில். அடியில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. அதற்குக் கீழே "முதலாம் பானிப்பட்டுப் போர் நடந்தபோது" என்று அரை வாக்கியம். பிறகு ஒரு மைப்பொட்டு. அவ்வளவுதான். புரட்டினால் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் இதே பெண்தான் வகுப்பில் எழுந்து நின்று, பாபரின் பீரங்கிச் சத்தத்தில் லோடியின் யானைகள் எப்படி மிரண்டு சொந்தப் படையையே மிதித்தன என்று, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தவள் மாதிரி சொன்னாள். கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிறவர்கள்கூட வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அதெல்லாம் ஒரே ராத்திரியில் எங்கே போயிற்று?

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்தது அந்தப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. அஸ்மத் அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலைமையாசிரியை பங்கஜம் ஃபைலில் இரண்டு வரி நல்லதாக எழுதினால் நிர்வாகம் நிரந்தரமாக்கும். எழுதாவிட்டால் வேறு பள்ளிக்கூடம் பார்க்க வேண்டியதுதான். தன் வகுப்பில் ஒரு பிள்ளை வெள்ளைத்தாள் கொடுத்தால் அது யார் தலையில் விடியும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தமிழ், கணக்கு ஆசிரியைகளும் அதே வெள்ளைத்தாளைத்தான் வாங்கியிருந்தார்கள். ஆனால் வகுப்பாசிரியை அவள்தானே?

ஆசிரியர் அறை வாசலில் பியூன் வெள்ளைச்சாமி தலையை நீட்டினான். "டீச்சர், எச்.எம். அம்மா கூப்புடுது. அந்தப் பொண்ணோட நைனா வந்துகீறாரு. ரொம்ப நேரமா குந்திகினு கீறாரு, பாவம்."

அஸ்மத் விடைத்தாளை எடுத்துக்கொண்டு போனாள்.

முத்துலட்சுமியின் அப்பா அய்யாதுரைக்குத் தியாகராய நகரில் துணிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மந்தைவெளியில் வீடு எடுத்து, காலையில் கடை திறந்தால் ராத்திரிதான் வீடு திரும்புகிற மனிதர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார் போல. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கதவை ஒட்டி முத்துலட்சுமி நின்றாள். ஒரு பின்னலில் ரிப்பன் இருந்தது, இன்னொன்றில் இல்லை.

பங்கஜம் விடைத்தாளை வாங்கி அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "நீங்களே பாருங்கோ. மூணு மணி நேரம் உக்காந்துண்டு உங்க பொண்ணு எழுதினது இவ்வளவுதான்."

அய்யாதுரை தாளை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "பரீட்சைக்கு முந்தின ராத்திரி எங்கிட்ட மடமடன்னு ஒப்பிச்சாளே டீச்சர். ஒரு எழுத்து பிசகல." அவர் குரலில் கோபத்தைவிட அலுப்பு அதிகமாக இருந்தது. "வீட்லயும் இதே கததான். செம்புல தண்ணி கொண்டான்னா, செம்பு வரும், தண்ணி வராது. குடை தொலைச்சா, டிபன் பாக்ஸ் தொலைச்சா, ஒத்தச் செருப்பத் தொலைச்சுட்டு வந்து நிக்கா. ஒத்தச் செருப்ப மட்டும் எப்படித் தொலைக்க முடியும், சொல்லுங்க? டாக்டர் ஞாபக சக்திக்கு டானிக் எழுதிக் குடுத்தாரு. அந்தப் பாட்டில எங்க வெச்சேன்னு அவளுக்கே ஞாபகமில்ல."

இன்னொரு சமயமாக இருந்தால் அஸ்மத் சிரித்திருப்பாள்.

"முழுப்பரீட்சையிலயும் இப்படியே பண்ணினா ஃபெயில் போடறதைத் தவிர வேற வழியில்லை" என்றாள் பங்கஜம். "முன்கூட்டியே சொல்லிடணும்னுதான் வரச் சொன்னேன்."

"ஃபெயில் போட்டாச்சுன்னா நிறுத்திருதேன்." அய்யாதுரை எழுந்துகொண்டார். "அவ அம்மையும் அதத்தான் சொல்லுதா. பொம்பளப் பிள்ள, இன்னைக்கோ நாளைக்கோ பெரியவளாயிருவா. வீட்டோட இருந்து அடுப்படி வேலையாவது படிக்கட்டும். அதுவும் படிப்பாளான்னு தெரியல."

இதையெல்லாம் முத்துலட்சுமி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழவில்லை. தாவணி போட இன்னும் வயசாகாத சின்ன உடம்பு. பாவாடை ஓரத்து நூலை இழுத்து இழுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நூல் முழுதும் வந்துவிடப் போகிறதே என்று அஸ்மத்துக்குப் பதைத்தது.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஏம்மா எழுதல? தெரியலையா? பயமா?"

"தெரியும் டீச்சர்."

"அப்புறம்?"

"எல்லாக் கேள்வியும் ஒண்ணா கூப்பிடுது டீச்சர். எதுக்கு முதல்ல போறதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மணி அடிச்சிட்டாங்க."

அஸ்மத்துக்கு இது விளங்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக்காக பி.டி. படிக்கும்போது மனோதத்துவம் என்று ஒரு பாடம் இருந்தது. அதில் மந்தம், சராசரி, கெட்டிக்காரத்தனம் என்று மூன்று அறைகள் கட்டி வைத்திருந்தார்கள். இந்தப் பெண்ணை உட்கார வைக்க அதில் ஓர் அறை இல்லை. சோம்பேறி என்றாள் எட்டாம் வகுப்பு ஆசிரியை சரோஜாதேவி. திமிர் என்றாள் கணக்கு டீச்சர். அஸ்மத்துக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றியது. ஒருநாள் பொறுமையிழந்து அவள் கையில் ஸ்கேலால் ஒன்று வைத்தாள். முத்துலட்சுமி கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. அடி வாங்கிப் பழகிய கை.

பொங்கல் விடுமுறை முடிந்து ஒருநாள், விட்டுப்போன வீட்டுப்பாடத்தைச் சாப்பாட்டு வேளையில் வகுப்பிலேயே எழுதச் சொல்லி அவளை உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மற்ற நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். "முதல் கேள்வியை மட்டும் எழுது. மத்ததை நான் கேக்கல" என்று ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாள். சற்று நேரத்தில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. பார்த்தால், முதல் கேள்வி முடிந்து இரண்டாவதில் இருந்தாள் முத்துலட்சுமி.

அஸ்மத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். குழாயடியில் இரண்டு பெண்களின் சண்டையைத் தீர்த்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, பேனா ஒரு சொல்லின் நடுவில் அப்படியே நின்றிருந்தது. 'ராஜபு' என்று எழுதியிருந்தாள். 'த்திரர்' வரவில்லை. முத்துலட்சுமி ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஸ்மத் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாள். பேனா மறுபடி ஓடத் தொடங்கியது.

விளையாட்டா என்று நினைத்தாள். மறுநாள் வேண்டுமென்றே எழுந்து போய்ப் பார்த்தாள். நின்றது. வந்து உட்கார்ந்தாள். ஓடியது. உதவி ஒன்றும் செய்யவில்லை. அவள் எழுதுவதை எட்டிப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தால் போதும்.

அன்றிலிருந்து வகுப்புத் தேர்வு என்றால் முத்துலட்சுமியின் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி வந்தது. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கொடுத்து, கேள்வித்தாளில் ஒரு கேள்வியை மட்டும் விட்டு மற்றதை மூடிக்கொள்ளச் சொன்னாள். அட்டையை அவள் தொலைத்தாள். இன்னொன்று கொடுத்தாள். அதையும் தொலைத்தாள். ஆனால் எழுதினாள். பிப்ரவரித் தேர்வில் பாதிக்கு மேல் எழுதியிருந்தாள். எழுதினதில் தப்பு கிடையாது. திருத்தி மார்க்கைக் கூட்டியபோது அஸ்மத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே பயமும் வந்தது. இது சரியா தப்பா என்று சொல்ல அவளுக்கு ஒருத்தரும் இல்லை. நாற்பது பிள்ளைகளின் நடுவே ஒருத்திக்கு மட்டும் நாற்காலி போடுவது எந்த விதியில் இருக்கிறது?

வீட்டில் அவள் அம்மா ஜைதூன் பீயும் இதைத்தான் கேட்டாள். தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருந்த மகளைப் பார்த்து, தங்கள் வீட்டு உருதுவில், "அந்த ஒரு பிள்ளை சரி. மிச்சப் பிள்ளைகள் உன்னை என்ன சொல்லும்?" என்றாள்.

மிச்சப் பிள்ளைகள் சொல்லத்தான் செய்தார்கள். முதல் ராங்க் வாங்குகிற ஜானகி ஒருநாள் எழுந்து நின்று, "அவளுக்கு மட்டும் ஏன் டீச்சர் பக்கத்துல உக்காந்துக்கறேள்?" என்று கேட்டாள். அஸ்மத் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். ஆனால் அது ஜானகியோடு நிற்கவில்லை. அவள் அம்மா பள்ளிக்கே வந்துவிட்டாள். அஸ்மத் டீச்சர் அந்தத் துணிக்கடைக்காரர் பெண்ணுக்கு விடை சொல்லிக் கொடுக்கிறாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிற்று. துணிக்கடையிலிருந்து புடவை வருகிறதாம் என்றுகூட ஆசிரியர் அறையில் யாரோ சொன்னார்கள். அஸ்மத் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அன்றைக்கு அவள் உடுத்தியிருந்தது பழைய பூனம் புடவை. அதன் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பங்கஜம் கூப்பிட்டனுப்பினாள்.

"நான் கேள்விப்பட்டதெல்லாம் நெஜமா?"

"பக்கத்துல உக்காருவேன் மேடம். ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"பக்கத்துல உக்காந்தா எழுதறது, உக்காரலைன்னா எழுதலை. இதை நான் நம்பணும்?"

"நானே முதல்ல நம்பல மேடம்."

பங்கஜம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். கெட்டவள் இல்லை அவள். அந்தப் பள்ளியை முப்பது வருஷமாக ஒரு பேச்சுக்கு இடம் கொடுக்காமல் நடத்தி வருகிறவள். "உன் கன்ஃபர்மேஷன் ஃபைல் இங்கதான் இருக்கு. உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா முழுப்பரீட்சையில நீ அந்தக் குழந்தை இருக்கற ஹால் பக்கமே போகப்படாது. ஒருத்தர் வாயையும் மூட நம்மால முடியாது. புரியறதா?"

புரிந்தது.

தேர்வு அறைக் கண்காணிப்பு சரோஜாதேவிக்கு என்று தெரிந்ததும் அவளிடம் போய்க் கேட்டாள். "ஒண்ணும் செய்ய வேணாம். நடந்துட்டே இருப்பீங்கல்ல, அவ பக்கத்துல வரும்போது கொஞ்சம் நின்னா போதும்."

"நான் யார் பக்கத்துலயும் நிக்கமாட்டேன். நின்னா அடுத்தது என் பேரு அடிபடும்" என்றாள் சரோஜாதேவி. அவள் சொன்னதிலும் தப்பில்லை.

மிச்சம் இருந்த நாளில் முத்துலட்சுமியைத் தனியாக எழுதப் பழக்கிப் பார்த்தாள். டீச்சர் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள் என்றாள். ஒரு கேள்வி முடிந்ததும் 'அடுத்தது' என்று உனக்கு நீயே சொல்லிக்கொள் என்றாள். முத்துலட்சுமி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். அஸ்மத் வராந்தாவுக்குப் போய் நின்று திரும்பி வந்தால், "அடுத்தது, அடுத்தது" என்று உதடு முணுமுணுத்துக்கொண்டிருக்கும், பேனா நின்றிருக்கும்.

"நான் ஃபெயிலாயிட்டா உங்களைத் திட்டுவாங்களா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அதெல்லாம் இல்ல. நீ எழுது" என்றாள் அஸ்மத். வேறென்ன சொல்வாள்?

ஏப்ரலில் முழுப்பரீட்சை தொடங்கியது. நீண்ட கூடத்தை நடுவில் மரத்தட்டி வைத்துத் தடுத்து இரண்டு அறையாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்கு அஸ்மத். அந்தப் பக்கம் ஏழாம் வகுப்புக்கு சரோஜாதேவி. தட்டியில் ஒரு பலகை பிளந்திருந்தது. அதன் வழியே பார்த்தால் முத்துலட்சுமியின் தலையும் வலது கையும் தெரியும். பார்க்கக் கூடாது என்று அஸ்மத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு சுற்றுக்கும் பார்த்தாள். தமிழ்த் தேர்வில் கை கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் நின்றது. கணக்கில் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது. இங்கிலீஷ் எப்படி என்று தெரியவில்லை. அன்று சரோஜாதேவியின் முதுகு மறைத்துக்கொண்டது.

சமூகப் பாடத் தேர்வன்று வெயில் காலையிலேயே சுட்டது. மின்விசிறி ஒன்றுதான், அதுவும் அந்தக் கோடியில். கேள்வித்தாள் கொடுத்தாயிற்று. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். அஸ்மத் தட்டிப் பக்கம் வந்தாள். முத்துலட்சுமி பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தாள். கை அசையவில்லை. இன்னொரு சுற்று போய் வந்தாள். அசையவில்லை. அந்தப் பெண்ணின் உதடுகள் மட்டும் ஆடின. அடுத்தது, அடுத்தது.

ஒரு மணி நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. பீரங்கி, யானை எல்லாம் அந்தச் சின்னத் தலைக்குள் இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாற்காலி வந்தால் வெளியே வந்துவிடும். தட்டியைச் சுற்றிப் போனால் நாலு எட்டு. போய் நின்றால் போதும், பேசக்கூட வேண்டாம். போனால் வேலை போகும். போகாவிட்டால் அந்தப் பெண் அடுப்படிக்குப் போவாள். சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள். ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அடிஷனல் பேப்பர்" என்று கேட்டது அவள் காதில் இரண்டாம் தடவைதான் விழுந்தது.

போய்விடுவது என்று அவள் முடிவு செய்த நேரத்தில் வாசலில் பங்கஜத்தின் குரல் கேட்டது.

அன்று காலையில் ஜானகியின் அம்மா மறுபடி வந்துவிட்டுப் போயிருந்தாள். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை போகிறது, தன் பெண் கண்ணால் பார்த்தாள் என்று சொல்லியிருந்தாள். பங்கஜத்துக்குப் பொறுக்கவில்லை. நேரே ஏழாம் வகுப்பு அறைக்குள் வந்து, தட்டியையும் பார்த்து, பிளந்த பலகையையும் பார்த்து, "வெள்ளைச்சாமி, அந்த நாற்காலியைக் கொண்டா. இங்க போடு" என்றாள். முத்துலட்சுமியின் பெஞ்சுக்குப் பக்கத்தில், அவளுக்கும் தட்டிக்கும் நடுவே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சைகை வந்தால் பிடிப்பதற்கு. துண்டுச்சீட்டு இருந்தால் பறிப்பதற்கு.

அஸ்மத் பின்னால் நகர்ந்து சுவரில் மோதிக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள். தலைமையாசிரியை பக்கத்தில் உட்கார்ந்தால் எழுதத் தெரிந்த பிள்ளைக்கே கை விறைத்துப் போகும். இவள் எங்கே எழுதப் போகிறாள்? அந்தப் பக்கம் பார்க்கவே பயந்து, அறையை ஒரு சுற்று சுற்றினாள். பிறகு மனசு கேட்காமல் பலகைப் பிளவைப் பார்த்தாள். பங்கஜத்தின் வெள்ளைப் புடவைதான் தெரிந்தது. அதற்கு அப்பால் முத்துலட்சுமியின் வலது முழங்கை.

முழங்கை அசைந்துகொண்டிருந்தது.

முதலில் அவள் நம்பவில்லை. பிள்ளை நகத்தைக் கடிக்கிறாளோ என்று பார்த்தாள். இல்லை. முழங்கை இடமிருந்து வலமாகப் போய், சட்டென்று திரும்பி, மறுபடி போனது. வரி வரியாகப் போனது.

சற்றுப் பொறுத்து வெள்ளைச்சாமி வந்து, ஃபோன் என்று சொன்னான். பங்கஜம் எழுந்து போனாள். முழங்கை நின்றது. யா அல்லாஹ், கொஞ்சம் தாக்குப் பிடி, கொஞ்சம் தாக்குப் பிடி என்று அஸ்மத் மனசுக்குள் கெஞ்சினாள். முழங்கை நின்றது நின்றதுதான். பங்கஜம் திரும்பி வந்தாள். உட்காரப் போனவள், குனிந்து தாளைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. போகும்போது எந்தச் சொல்லில் இருந்ததோ அந்தச் சொல்லிலேயே இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்தாள். முழங்கை அசைந்தது.

பங்கஜம் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். சத்தமில்லாமல் எழுந்து, வாசல் வரைக்கும் போய், அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அப்புறம் கடைசி மணி அடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. வெள்ளைச்சாமி கொண்டுவந்த காப்பி ஆறிப்போனது.

அன்று சாயங்காலம் அஸ்மத்தைக் கூப்பிட்டாள்.

"உக்காரு" என்றாள் பங்கஜம். இதுவரை அவளை அப்படி உட்காரச் சொன்னதில்லை. "நான் ஒரு வார்த்தை பேசலை. நான் உக்காந்தா எழுதறது. எழுந்து போனா நின்னுடறது. திருட்டுத்தனம் ஒண்ணும் இல்லை, நானே பார்த்துட்டேன். ஆனா என்னடி இது? இதுக்கு ஏதாவது பேர் இருக்கா?"

"தெரியல மேடம்."

"டாக்டர்கிட்ட காட்டினா சொல்லுவாளா?"

"டானிக் குடுத்தாங்களாம்."

பங்கஜத்துக்குச் சிரிப்பு வந்து அடங்கியது. "சரி, இந்த வருஷம் நான் உக்காந்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யில யார் போய் உக்காருவா? கல்யாணம் பண்ணிண்டு போற ஆத்துல யார் உக்காருவா?"

ராத்திரியெல்லாம் அஸ்மத்தையும் அரித்த கேள்விதான் அது.

"மீதி ரெண்டு பரீட்சையும் என் ரூமுல எழுதட்டும். ஒரு மேஜை போடச் சொல்றேன். நீ வரப்படாது, அதுல மாத்தமில்லை." பங்கஜம் ஃபைலை இழுத்தாள். "உனக்கு இன்னும் ஒரு வருஷம் பார்த்துட்டுக் கன்ஃபர்ம் பண்ணலாம்னு எழுதப் போறேன். நீ செஞ்சது தப்புன்னு இல்லை. எங்கிட்ட வந்து சொல்லாம செஞ்சே பாரு, அது தப்பு. முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு பேச்சு வந்திருக்காது."

சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா என்று கேட்க அஸ்மத்துக்கு நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. வேலை போகவில்லை, அதுவே பெரிது. ஆனால் இன்னும் ஒரு வருஷம் இதே பயத்தில் ஓட்ட வேண்டும்.

கணக்கில் முத்துலட்சுமி தேறவில்லை. மற்றதில் தேறினாள், சமூகப் பாடத்தில் ஜானகிக்கு அடுத்த மார்க். ஒரு பாடம்தானே என்று பங்கஜம் எட்டாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டாள். ரிசல்ட் அன்று அய்யாதுரை வந்து மார்க்கைப் பார்த்தார். அஸ்மத் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்தால் போதும், திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம், ஒரு சமயத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கடையில இருக்கவனுக்கு அதுக்கு ஏது டீச்சர் நேரம்?" என்றார். "வீட்ல கேட்டுட்டுச் சொல்லுதேன். பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' அஸ்மத்தைக் கோடை விடுமுறை முழுக்க அரித்தது. லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், அண்ணன் குழந்தைகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனபோதும், அது ஆமாமா இல்லையா என்று மனசு புரட்டிப் புரட்டிப் பார்த்தது. ஒருநாள் மந்தைவெளி வரைக்கும் போய்விட்டு, வீட்டு வாசலில் ஏறாமலேயே திரும்பினாள். என்ன உரிமையில் ஏறுவது?

ஜூனில் பள்ளி திறந்த அன்று பிரார்த்தனைக்கு எட்டாம் வகுப்பு வரிசை நின்றது. அஸ்மத் அந்த வரிசையைத் தலையிலிருந்து வால் வரை பார்த்தாள். முத்துலட்சுமி இல்லை. முதல் பீரியடில் எட்டாம் வகுப்பு வாசலைக் கடந்துபோய்ப் பார்த்தாள். இல்லை. தன் புது வகுப்புக்குப் பெயர் கூப்பிட்டு முடித்ததும் என்ன பாடம் நடத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. நிறுத்திவிட்டார்கள். 'பாப்பம்' என்றால் அதுதான் அர்த்தம். முன்பே புரிந்திருக்க வேண்டும்.

மணி அடித்ததும் கேட்டுக்கு ஓடினாள். வெள்ளைச்சாமி சாத்திய கேட்டுக்கு உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். "இன்னா டீச்சர், யாரத் தேடிகினு கீறீங்கோ? அந்தத் துணிக்கடைப் பொண்ணா? தோ, இப்பதான் வருது பாரு. மொத நாளே லேட்டு."

சந்து முனையில் முத்துலட்சுமி ஓடி வந்துகொண்டிருந்தாள். புதுப் பாவாடை. இரண்டு பின்னலிலும் ரிப்பன். வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"தம்பி பையத் தூக்கிட்டு வந்துட்டேன் டீச்சர். கோயில் குளத்துக்கிட்ட வந்துதான் பாத்தேன். அப்புறம் திரும்ப வீட்டுக்குப் போனேன்."

"நீயாவா பாத்தே?"

"நானாத்தான் பாத்தேன்."

"அப்பா திட்டினாரா?"

"இல்ல. கடைக்குக் கிளம்பிட்டிருந்தாங்க. நானும் வாரேன்னு கூடவே வந்தாங்க. அந்தா நிக்காங்க."

சந்து முனையில், கச்சேரி ரோட்டு வெயிலில், அய்யாதுரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கடை திறக்க நேரமாகியிருக்கும். போகலாமா, இன்னும் நிற்க வேண்டுமா என்று கேட்கிற மாதிரி அங்கிருந்தே அஸ்மத்தைப் பார்த்தார். அஸ்மத் போகலாம் என்று கையைக் காட்டினாள். அவர் சைக்கிளில் ஏறினார். கொஞ்ச தூரம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எட்டாம் கிளாஸ் எங்க டீச்சர்?" என்றாள் முத்துலட்சுமி.

"மாடியில. வா, நான் வரேன்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு படியேறினாள் அஸ்மத். எட்டாம் வகுப்பில் சரோஜாதேவி பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். தாமதமாக வந்த பெண்ணையும், கூட வந்த டீச்சரையும் பார்த்து என்ன சொல்லப் போகிறாளோ என்று நினைத்தபடியே அஸ்மத் வாசலில் முத்துலட்சுமியின் பக்கத்திலேயே நின்றாள்.